பெயரில் கல், நினைவில் ரொட்டி: தாஷ்கண்ட் நகரைப் பற்றிச் சில குறிப்புகள்

ஓர் ஊருக்கு வழி சொல்கிறவன் அங்கே என்னவெல்லாம் பார்க்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வழியைத்தான் சொன்னவனாகிறான். நம் ஆற்றுப்படைப் புலவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே எந்த மக்கள் எதிர்ப்படுவார்கள் என்று சொன்ன கையோடு, அவர்கள் என்ன சோறு இடுவார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த நிலத்துக்கு நகர்வார்கள். பிற்காலத்துப் பயணக் கைநூல்கள் காண வேண்டியவற்றை ஓர் அத்தியாயமாகவும் உண்ண வேண்டியவற்றை இன்னோர் அத்தியாயமாகவும் பிரித்துவிட்டன. சில நகரங்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை ஒத்துவருவதில்லை. மத்திய ஆசியாவின் மிகப் பெரிய நகரமாகிய தாஷ்கண்ட் அவற்றுள் ஒன்று.

தமிழ் வாசகருக்குத் தாஷ்கண்ட் என்றதும் நினைவுக்கு வருவது ஓர் ஒப்பந்தமும் ஒரு மரணமும். 1966 ஜனவரி 10 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தானின் அயூப்கானும் அங்கே உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மறுநாள் விடியுமுன் சாஸ்திரி காலமானார். உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய 1965இல், வாரத்துக்கு ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்ட மனிதர் அவர். ரொட்டி நகரம் என்று பெயர் பெற்ற ஊரில் அவருடைய இறுதி இரவு கழிந்தது. அவர் பெயரில் ஒரு தெருவும், அவருடைய மார்பளவுச் சிலையும் தாஷ்கண்டில் உள்ளன. ஆனால் அவர் கண்ட தாஷ்கண்டின் பெரும்பகுதி அடுத்த மூன்றரை மாதங்களில் இல்லாமற் போயிற்று. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் பெயர். தாஷ் என்றால் துருக்கிய மொழியில் கல். கண்ட் என்றால் ஊர். சமர்கண்டிலும் இதே கண்ட்தான் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டளவில் வழக்குக்கு வந்த பெயர் இது. அதற்கு முன் சாச், ஷாஷ் என்ற பெயர்கள் வழங்கின. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவை நோக்கி வந்த யுவான் சுவாங் இந்த நாட்டைக் கடந்துதான் வந்தார். 751இல் சீனப் படையும் அராபியப் படையும் தலாஸ் ஆற்றங்கரையில் மோதியதற்கு, சாச் நாட்டு மன்னனைச் சீனத் தளபதி பிடித்துக் கொல்லச் செய்ததும், அவன் மகன் அராபியரிடம் உதவி தேடிச் சென்றதுமே உடனடிக் காரணங்கள் என்பர். 2009இல் நகரம் தன் 2,200ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

இவ்வளவு பழமை வாய்ந்த கல்லூர், உண்மையில் கல்லால் கட்டப்பட்டதன்று என்பது வேடிக்கை. பழைய தாஷ்கண்டின் வீடுகள் மரச்சட்டமும் பச்சை மண் செங்கல்லுமாக எழுந்தவை. தெருவுக்கு முதுகைக் காட்டிய மண்சுவர்; உள்ளே முற்றம், திராட்சைப் பந்தல், ஓரமாக ஓடும் வாய்க்கால். மண் வீட்டைத் தலைமுறைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்நகரில் பழமை என்பது கட்டடத்தைக் காட்டிலும் பழக்கத்திலேயே அதிகம் தங்கியது. சமர்கண்டைப் பார்த்துவிட்டு இங்கு வருகிற பயணி ஏமாற்றமடைவதற்குக் காரணம் இதுவே. அங்கே தைமூர் காலத்து நீலக் குவிமாடங்கள் வானை மறைக்கின்றன. இங்கே பதினாறாம் நூற்றாண்டு மதரசாக்கள் இரண்டு மூன்று, சில கல்லறை மாடங்கள். பாபரின் தாய்வழிப் பாட்டனார் யூனுஸ் கானின் கல்லறை மாடம் அவற்றுள் ஒன்று. அரசிழந்த இளைஞனாகப் பாபர் தன் மாமன் ஆண்ட இந்நகரில் வந்து தங்கியபோது பட்ட வறுமையையும் அவமானத்தையும் தன் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதே பாபர் பின்னாளில் இந்துஸ்தானத்தின் அதிபதியாக இருக்கையில், கொண்டுவந்து கொடுக்கப்பட்ட ஒரு முலாம்பழத்தை அறுத்து உண்ணும்போது கண்ணீர் விட்டதாகவும் எழுதினார். தாய்நாட்டை நினைக்க அவருக்குக் கோட்டை கொத்தளம் தேவைப்படவில்லை. ஒரு கீற்றுப் பழம் போதுமாயிருந்தது.

நகரின் நடுவே அன்ஹோர் என்றொரு கால்வாய் ஓடுகிறது. இன்று அதன் கரையில் நடைபாதைகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அது எல்லைக்கோடாக இருந்தது. 1865 ஜூனில் ருஷ்யத் தளபதி செர்னியாயெவ் ஏறத்தாழ 2,000 வீரரைக் கொண்டு நகரைப் பிடித்தபின், கால்வாயின் மேற்கே பழைய நகரமும் கிழக்கே நேர்கோட்டுச் சாலைகளோடு ருஷ்யரின் புதிய நகரமும் என இரண்டு ஊர்கள் அருகருகே வாழ்ந்தன. பழைய நகரம் தேநீர்க்கடையில் கூடிற்று. புதிய நகரம் நாடகக் கொட்டகையில் கூடிற்று. 1906இல் ஒரன்பர்க்கிலிருந்து இரயில் பாதை வந்து சேர்ந்தது. போகும் வண்டிகள் பருத்தியை ஏற்றிச் சென்றன. வரும் வண்டிகள் கோதுமையைக் கொண்டுவந்தன. வயல்கள் மேலும் மேலும் பருத்திக்கு மாறிப்போனதால், சோற்றுக்கு வடக்கை எதிர்பார்க்கும் நிலை உண்டாயிற்று. புரட்சியும் உள்நாட்டுப் போரும் அந்த வண்டிகளை நிறுத்தியபோது துருக்கிஸ்தானத்தில் பெரும் பஞ்சம் பரவியது.

இந்தப் பின்னணியில்தான் இலக்கியம் தாஷ்கண்டுக்கு ஒரு பட்டப்பெயரைச் சூட்டியது. அலெக்சாந்தர் நெவெரோவ் என்னும் ருஷ்ய எழுத்தாளர் 1923இல் வெளியிட்ட குறுநாவலின் தலைப்பு 'தாஷ்கண்ட், ரொட்டி நகரம்'. 1921ஆம் ஆண்டு வோல்கா பஞ்சத்தில் வீட்டாரைக் காப்பாற்றத் தானியம் தேடி இரயிலேறும் ஒரு சிறுவனின் கதை அது. பருத்திக்காகத் தன் கோதுமை வயலை இழந்து, தானும் பஞ்சத்தைக் கண்டு மீண்ட ஒரு நாட்டின் தலைநகரை, அதைவிடப் பெரிய பசியில் இருந்தவர்கள் ரொட்டி நகரம் என்று கண்டார்கள். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

கல்லும் வெண்கலமும் அப்படி நிலைக்கவில்லை. நகரின் மையச் சதுக்கத்துக்குச் சென்று நின்றால் இது விளங்கும். அங்கே 1913இல் துருக்கிஸ்தானத்தின் முதல் ருஷ்யத் தலைமை ஆளுநர் கவுஃப்மனுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. புரட்சிக்குப் பின் அது அகற்றப்பட்டது. 1940களின் இறுதியில் ஸ்டாலின் வந்தார்; 1960களின் தொடக்கத்தில் போனார். 1968இல் கார்ல் மார்க்சின் தலை வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1993இல், அமீர் தைமூர் குதிரை மேல் ஏறி வந்து நின்றார். எல்லோருக்கும் நிழல் தந்த முதிய சினார் மரங்கள் 2009இல் வெட்டப்பட்டன. நூறாண்டுக்குள் இத்தனை பேர் மாறிப் போன ஒரு பீடத்தை நாம் வேறெங்கும் எளிதில் காண இயலாது. வரலாற்று மாணவர் ஒருவர் இந்தச் சதுக்கத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

இனி, நாம் ஒத்திவைத்த செய்திக்கு வருவோம். 1966 ஏப்ரல் 26, அதிகாலை 5 மணி 23 நிமிடம். ரிக்டர் அளவில் ஐந்தைச் சற்றே தாண்டிய நிலநடுக்கந்தான். ஆனால் அதன் மையம் நகரின் நேர் அடியிலேயே, சில கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. உயிரிழப்பு மிகக் குறைவு. வீடிழந்தவர்களோ ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். சோவியத் குடியரசுகள் ஒவ்வொன்றிலிருந்தும் கட்டடத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அகன்ற சாலைகளும் பலமாடிக் குடியிருப்புகளுமாக வேறொரு நகரம் எழுந்தது. நிலநடுக்கம் தள்ளிய வீடுகளோடு, அது தள்ளாமல் விட்ட மண்வீடுகள் பலவும் இந்த வேகத்தில் இடிக்கப்பட்டன. அன்ஹோர் அருகே 1976இல் அமைத்த நினைவுச்சின்னத்தில் பிளந்த கருங்கல் கட்டி ஒன்று கிடக்கிறது. ஒரு பாதியில் கடிகார முகம், 5.23 என்று நின்றுபோனபடி. பெயருக்கேற்ற கல்லை இந்நகரம் கடைசியில் இப்படித்தான் அடைந்தது.

புதிய நகரின் சிறந்த காட்சிகள் நிலத்தடியில் இருக்கின்றன. 1977இல் தொடங்கிய மெட்ரோ, மத்திய ஆசியாவின் முதலாவது. பக்தாகோர் என்ற நிலையத்தில் பருத்தி மலர்கள் பதிகல் ஓவியமாகப் பூத்திருக்கின்றன. பக்தாகோர் என்றால் பருத்தி உழவர். கோஸ்மோநாவ்த்லர் நிலையத்தின் சுவர்களில் ககாரினும் தெரெஷ்கோவாவும் இருக்கிறார்கள்; பதினைந்தாம் நூற்றாண்டில் விண்மீன்களை எண்ணிய அரசர் உலுக் பெக்கும் அவர்களோடு இருக்கிறார். அலிஷேர் நவாயியின் பெயர் தாங்கிய நிலையத்தில் சமர்கண்ட் குவிமாடங்கள் தலைகீழ் நீலக் கிண்ணங்களாகக் கவிகின்றன. போர்க்காலப் பதுங்கிடமாகவும் கருதப்பட்டதால் 2018 வரை இங்கே புகைப்படம் எடுக்கத் தடை இருந்தது. அதே தடத்தில் சற்றுத் தள்ளிச் சென்று சோர்சுவில் இறங்கினால், நாம் மண்ணுக்கு மேலே வருவது பழைய நகரின் சந்தை வாயிலில்.

சோர்சு என்ற பாரசீகச் சொல்லில் உள்ள சோர், ஐதராபாத்தின் சார்மினாரில் உள்ள சார்தான், நான்கு. நாலாபுறத்து வழிகளும் கூடுமிடம். 1980இல் எழுந்த நீலக் குவிமாடத்தின் கீழே இறைச்சியும் தயிர்க்கட்டிகளும் மசாலைகளும். வெளியே பழக்குவியல்களும் ரொட்டி அடுப்புகளும். இங்கே நம் காது அடிக்கடி விழித்துக்கொள்ளும். நோன், நம் நான். சோம்சா, நம் சமோசா. பலோவ், நம் புலாவ். தந்திர், நம் தந்தூரி அடுப்பு. பியோலா, பழைய திரைப்பாடல்களிலும் கேட்ட பியாலா. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பாதி உணவை நாம் கேட்டு வாங்கிவிடலாம்.

ரொட்டி சுடுமிடத்தில் சற்று நிற்க வேண்டும். வட்டமாகத் தட்டிய மாவின் நடுவில் செகிச் எனும் முள்முத்திரையால் குத்திப் பூவேலை செய்வார்கள். முத்திரை பட்ட இடம் உப்பாமல் படிந்திருக்க, விளிம்பு மெத்தென்று எழும். பிறகு அதை அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். சுட்ட நோனைக் கவிழ்த்து வைப்பது மரியாதைக் குறைவு. கத்தியால் அறுக்கமாட்டார்கள், கையால் பிய்த்து எல்லோருக்கும் முன்னே வைப்பார்கள். தேநீருக்கும் ஒரு முறை உண்டு. பானையிலிருந்து கோப்பையில் ஊற்றி, மீண்டும் பானையிலேயே கொட்டி, மும்முறை இவ்வாறு செய்தபின் பரிமாறுவர். விருந்தாளிக்குக் கோப்பையை நிரப்பித் தருவதில்லை. பாதிக்கும் குறைவாக ஊற்றினால், மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கும்படி அவர் நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்று பொருள். இது தெரியாத நம்மவர் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடக்கூடும்.

மசாலைக் கடைகளைத் தாண்டினால் ஊறுகாய் வகைகளை விற்கும் பெண்களின் வரிசை. மெல்லிய குச்சிகளாகச் சீவிய கேரட்டில் பூண்டும் மிளகாயும் காடியும் கலந்து, காய்ச்சிய எண்ணெய் ஊற்றிய ஒரு பண்டம் அங்கே மலைபோலக் குவிந்திருக்கும். கொரியக் கேரட் என்பது அதன் பெயர். கொரியாவில் அது இல்லை. 1937இல் ஸ்டாலின் அரசு, ஜப்பானுக்கு உளவு பார்க்கக்கூடும் என்ற ஐயத்தில், தூரக்கிழக்கு எல்லையில் வாழ்ந்த கொரியர்களை, ஏறத்தாழ 1,70,000 பேரை, இரயில் வண்டிகளில் அடைத்துக் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பியது. தாஷ்கண்டைச் சுற்றியிருந்த நாணற்காடுகளைத் திருத்தி அவர்கள் நெல் விளைவித்தார்கள். கிம்ச்சி செய்ய உரிய முட்டைக்கோசு இங்கே கிடைக்கவில்லை, கேரட் கிடைத்தது. அந்த மாற்று இன்று உஸ்பெக் வீட்டு விருந்துகளிலும் இடம்பிடித்துவிட்டது. கைப்பிடி கேரட்டை வாயிலிடும் பயணி ஒரு நாடுகடத்தலைச் சுவைக்கிறார். ஆனால் அந்தத் தட்டில் இரயில் வண்டி தெரிவதில்லை. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இரயில்கள் 1941இல் மேற்கிலிருந்து வந்தன. ஜெர்மானியப் படையெடுப்புக்கு அஞ்சி உஸ்பெகிஸ்தானுக்கு வந்துசேர்ந்தவர்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். அவர்களில் இரண்டு லட்சம் பேர் குழந்தைகள் என்பது கணக்கு. தாஷ்கண்டில் ஷாஹ்மத் ஷாமஹ்மூதோவ் என்ற கொல்லரும் அவர் மனைவி பஹ்ரியும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த பதினைந்து அநாதைக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். கவிஞர் கஃபூர் குலாம் 'நீ அநாதை அல்ல' என்ற கவிதையை எழுதியது அந்நாட்களில்தான். அவர் பெயரில் இன்று ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. அந்தத் தம்பதியருக்கு 1982இல் மக்கள் நட்புறவு அரண்மனை முன்னே சிலை எழுப்பப்பட்டது. 2008இல் அதையும் நகரின் ஓரத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கொண்டுவந்தார்கள். சிலைகளுக்கு இந்நகரில் ஓய்வே இல்லை.

அப்படி வந்தவர்களில் அன்னா அக்மதோவாவும் ஒருவர். 1941 இறுதி முதல் 1944 மே வரை அவர் இங்கே வாழ்ந்தார். நச்சுக்காய்ச்சலில் படுத்து எழுந்தார். 'நாயகனில்லாக் காவிய'த்தைத் தொடர்ந்து எழுதினார். போர் முடிந்தபின் வந்தவர்கள் கைதிகள். லெனின் கல்லறை மாடத்தை வடிவமைத்த ஷூசெவின் திட்டப்படி எழுந்த நவாயி நாடகமன்றத்தைக் கட்டி முடித்ததில் ஜப்பானியப் போர்க்கைதிகளின் உழைப்பு உண்டு. 1947இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1966இன் அதிர்ச்சியைத் தாங்கி நின்றது.

இன்னொரு விருந்தாளியையும் சொல்ல வேண்டும். 1954இல் நாடுகடத்தல் தண்டனையில் இருந்த சோல்செனித்சின் புற்றுநோய் சிகிச்சைக்காகத் தாஷ்கண்ட் மருத்துவமனைக்கு வந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'புற்றுநோய்ப் பிரிவு' நாவலின் இறுதிப் பகுதியில், மருத்துவமனையிலிருந்து விடுபட்ட கோஸ்தோகுளோதவ் பழைய நகருக்குள் நடக்கிறான். பூத்த வாதுமைப்பழ மரம் ஒன்றைக் காண வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு தேநீர்க்கடையின் மாடியில் அமர்ந்து அவன் அதைக் காண்கிறான். பிறகு தெருவில் கம்பியில் வாட்டிய இறைச்சி வாங்கி உண்கிறான். காண்பதும் உண்பதுமாகக் கழியும் அந்த ஒரு காலைப்பொழுதில் அவன் மீண்டும் மனிதனாகிறான். ஊர்சுற்றிப் பார்ப்பதன் உச்சமான பயனை உலக இலக்கியத்தில் இவ்வளவு எளிமையாகச் சொன்ன இடம் வேறு இருக்குமா என்று நாம் வியந்ததுண்டு. அவன் நடந்த தெருக்களுக்கு அப்போது பத்தாண்டுகளே மிச்சமிருந்தன.

இறுதியாகப் பலோவ். இதை உண்ணாமல் தாஷ்கண்டை விட்டு வருவது கல்யாண வீட்டுக்குப் போய்க் கைநனைக்காமல் திரும்புவது போல. ஓஷ் என்பது அதன் இன்னொரு பெயர். அச்சொல்லுக்கு உணவு என்றே பொருள். கசான் எனும் பெரிய இரும்புக் கொப்பரையில் கொழுப்பைக் காயவைத்து, வெங்காயத்தையும் ஆட்டிறைச்சியையும் வதக்கி, குச்சிகளாக நறுக்கிய மஞ்சள் கேரட்டைச் சேர்த்து, சீரகமிட்டு நீர்விட்டுக் கொதிக்க விடுவார்கள். அதன்மேல் அரிசியைப் பரப்புவார்கள், கிளறமாட்டார்கள். அடுக்கு அடுக்காக ஆவியில் வேக வேண்டும். தாஷ்கண்டின் திருமண பலோவில் கொண்டைக்கடலையும் உலர்திராட்சையும் சேரும். திருமண நாளில் விடியற்காலையிலேயே அண்டை அயலாரும் உறவினருமான ஆண்கள் கூடி உண்ணும் பந்தியும் உண்டு. 2016இல் யுனெஸ்கோ பலோவ் மரபை மானுடத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. புலால் உண்ணாதார் பூசணி அடைத்த சோம்சா, தக்காளி வெங்காயக் கலவை, நோன், முலாம்பழம் ஆகியவற்றைக் கொண்டு காலம் தள்ளலாம். பட்டினி கிடக்க நேராது.

பலோவுக்குப் பேர்போன பெரிய உணவகம் தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறது. 375 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் நகரில் எங்கிருந்தும் தெரியும். ஆளுயரக் கொப்பரைகள் வரிசையாகக் கொதிக்கும். நண்பகல் கடந்தால் கொப்பரை காலியாகத் தொடங்கிவிடும். அங்கே செல்ல நாம் ஏறும் மெட்ரோ தடத்தில் அப்துல்லா கோதிரி என்றொரு நிலையம் வருகிறது. இறங்கும் நிலையம் போதோம்சோர். போதோம் என்பது நம் பாதாம், சோர் என்பது தோப்பு. மேலே வந்தால் ஒருபுறம் கோபுரம். சாலையின் மறுபுறம், போஸ்சு கால்வாயின் கரையில், நீலக் குவிமாடம் வேய்ந்த ஒரு நினைவிடம். அடக்குமுறையில் சுட்டுக்கொல்லப்பட்டோர் பலர் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் இடம் அது. 2000இல் நினைவிடமும் 2002இல் அருங்காட்சியகமும் அமைந்தன.

அப்துல்லா கோதிரி, உஸ்பெக் மொழியின் முதல் நாவலாசிரியர். 'கடந்த நாட்கள்' என்ற அவருடைய நாவல் 1920களில் வெளிவந்தது. 1937ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அவரைக் கைது செய்தார்கள். 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கண்டில் அவரும், கவிஞர் சோல்பானும், அறிஞரும் நாடகாசிரியருமான ஃபித்ரத்தும் ஒரே நாளில் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓர் இலக்கியத்தின் முதல் நாவலாசிரியரையும், அதன் நவீன கவிதையைத் தோற்றுவித்த முன்னோடிகளையும் ஒரே நாளில் இழப்பது எத்தகையது என்பதை இலக்கிய மாணவர்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பலோவ் உண்டவர்கள் எல்லோரும் சாலையைக் கடப்பதில்லை. கடக்கும்படி நாம் வேண்டிக்கொள்வோம். உணவு நல்ல நினைவாளிதான். யார் யார் வந்தார்கள், யாரோடு யார் கலந்தார்கள் என்பதை அது பீடத்துச் சிலைகளைவிட நேர்மையாகச் சொல்லும். ஆனால் ஏன் வந்தார்கள், யார் வராமற் போனார்கள் என்பதை அது சொல்லாது. உண்டு எழுந்தபின், சொல்லுகிற கல்லைத் தேடிப் போகத்தான் வேண்டும்.

உஸ்பெக் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தொலைவுக்கோ படைக்கோ கிளம்பும் மகன் புதிய நோனில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மீதியைத் தாய் சுவரில் மாட்டி வைப்பாள்; திரும்பிவந்து அவன்தான் அதை உண்டு முடிக்க வேண்டும். ரொட்டி நகரின் பழைய தெருக்களில் நடக்கும்போது, இடிந்துபோன வீடுகளின் எத்தனை சுவர்களில் அப்படி ரொட்டிகள் காய்ந்து தொங்கியிருக்கும் என்ற எண்ணம் நம்மை விட்டு அகல்வதில்லை.